லால்பாக்கில் திப்பு வைத்த மரம் எது?

ஜனவரி மாதம், மலர்க் கண்காட்சிக்கு முந்தைய வாரம், ஒரு ஞாயிறு காலை. பெங்களூர் லால்பாக்கில் ஒரு கிழட்டு மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அடிமரம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. ஒரு பக்கம் பொந்து, அதைச் சுற்றிப் பட்டை சுருண்டு உதடுபோல மூடப் பார்த்திருந்தது. பேச்சில் தருமபுரிப் பக்கம் தெரிந்த ஒரு குடும்பம் வந்தது. தாத்தா பேரனிடம் சொன்னார்: "இது திப்பு சுல்தான் தன் கையால வெச்ச மரம்டா." பையன் அண்ணாந்து பார்த்தான். "ஏன் தாத்தா, ராஜாதானே? ஒண்ணே ஒண்ணுதான் வெச்சாரா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. "நில்லு, போட்டோ எடுக்கலாம்" என்றார்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. லால்பாக்கைப் பற்றிப் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் மூன்று கதையாவது சொல்வார்கள். ஹைதர் அலி 1760-இல் அமைத்தார், திப்பு உலகமெங்கும் இருந்து செடி வரவழைத்தார், கெம்பே கவுடா கட்டிய கோபுரம் நகரத்துக்கு எல்லை குறித்தது. இந்தக் கதைகளில் எது நிற்கிறது, எது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது, கதையில் இடமே பெறாமல் போனது எது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். இன்று லால்பாக்கில் நாம் கண்ணால் பார்ப்பதில் ஹைதர், திப்பு காலத்தது மிகக் கொஞ்சம். ஆனால் கண்ணுக்குப் படாத ஒன்று அந்தக் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. அதற்குத்தான் யாரும் பலகை வைக்கவில்லை.

1760

முதலில் அந்த ஆண்டு. எல்லாப் பலகையிலும் எல்லாப் புத்தகத்திலும் 1760 என்றுதான் இருக்கிறது. பெங்களூர் அதற்குச் சற்று முன்னர்தான் ஹைதருக்கு ஜாகீராகக் கிடைத்திருந்தது, அதனால் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு ஹைதருக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

1760 ஆகஸ்டில் ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே தங்கியிருந்தார். படையில் பெரும்பகுதி பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாகப் போயிருந்தது. அவரிடம் கணக்கு வழக்குப் பார்த்து, அவராலேயே உயர்ந்த காண்டே ராவ் கோட்டைக்குள்ளிருந்து பீரங்கியைத் திருப்பிவிட்டார். குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, கையில் கிடைத்த சில குதிரை வீரர்களோடு இரவோடு இரவாக ஹைதர் ஓடி வந்த இடம் பெங்களூர். அன்று அந்தக் கோட்டையும் கைவிட்டுப் போயிருந்தால் ஹைதர் என்ற பெயரே சரித்திரத்தில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கியிருக்கும்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. காண்டே ராவ் பிடிபட்டார். அரண்மனைப் பெண்கள் அவருக்காகப் பரிந்து பேசியபோது, "அவரைக் கிளியைப்போல வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஹைதர் வாக்குக் கொடுத்தாராம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, சாகும்வரை வைத்திருந்தார். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்கள் விரும்பி எழுதிய கதை இது, அதனால் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம்.

ஆக, தோட்டத்துக்குப் பாத்தி கட்ட உட்கார்ந்த ஆண்டாக 1760 எனக்குத் தோன்றவில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே வேலை ஆரம்பித்திருக்கலாம், அல்லது உயிர்தப்பிய ஊரின்மேல் பிறந்த பாசத்தில் பின்னால் பெரிதாகியிருக்கலாம். பலகைக்கு ஓர் ஆண்டு வேண்டும். தோட்டம் ஒரே ஆண்டில் பிறப்பதில்லை.

எதைப் பார்த்து அமைத்தார் என்பதிலும் கதைகள் உண்டு. துமகூர் பக்கத்துச் சிராவில் மொகலாய சுபேதார்கள், அதாவது மாகாண ஆளுநர்கள், அமைத்த தோட்டத்தைப் பார்த்து என்பது ஒன்று, பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த தோட்டத்தைப் பார்த்து என்பது இன்னொன்று. சிராவை ஹைதர் பிடித்தது 1761-இல்தான், அப்படியிருக்க 1760 தோட்டத்துக்கு அது எப்படி மாதிரியாகும் என்று சிலர் மடக்குவார்கள். அது பெரிய வாதமில்லை. ஹைதரின் தந்தை ஃபத்தே முகமது சிரா நவாபிடம் வேலை பார்த்தவர். பிள்ளைப் பருவத்தில் பார்த்த தோட்டத்தை மனசில் வைத்திருக்க ஊரைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

பெயருக்கும் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். லால் என்றால் சிவப்பு, ரோஜா நிறைந்திருந்ததால் சிவப்புத் தோட்டம் என்பது ஒன்று. லால் என்றால் செல்லம், ஆகவே செல்லத் தோட்டம் என்பது மற்றது. இரண்டுமே அந்த மொழியில் பொருந்துகிற அர்த்தம்தான். எனக்கு ரோஜாதான் பிடித்திருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

இரண்டு லால்பாக்

லால்பாக் பற்றிய பழைய குறிப்புகளைப் படிக்கும்போது கால் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பெயரில் இரண்டு தோட்டங்கள் இருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குக் கோடியில் இருந்தது இன்னொரு லால்பாக். ஹைதரையும் பின்னர் திப்புவையும் அடக்கம் செய்த கும்பஸ் இருப்பது அந்தத் தோட்டத்தில்தான். 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் படை அங்கே புகுந்து, முற்றுகைக்கு வேண்டிய மிலாறுக் கட்டும் கூடையும் செய்வதற்காகச் சைப்ரஸ் மரங்களை வெட்டித் தள்ளியது. ஆங்கிலேயரின் போர்க் குறிப்புகளில் வரும் "சுல்தானின் தோட்டம்" பெரும்பாலும் அதுதான். அங்கே நடந்ததைப் பெங்களூர்க் கணக்கில் எழுதிவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது 1791 மார்ச்சில். இங்கிருந்த தோட்டத்தை ஆங்கிலேயர்கள் சைப்ரஸ் தோட்டம் என்றே அழைத்தார்கள். ஈட்டிபோல நிமிர்ந்து நிற்கும் அந்த மரங்கள்தான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டன.

திப்பு செடிகள்மேல் வைத்திருந்த ஆசை கதை இல்லை, அதற்கு ஆதாரம் நிறைய. மஸ்கட்டிலிருந்து குங்குமப்பூ விதையும் பேரீச்சங்கன்றும் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பட்டுப்புழு வாங்கி வரவும் ஆள் அனுப்பினார். 1788-இல் பதினாறாம் லூயி மன்னரிடம் போன அவருடைய தூதுக்குழு, துப்பாக்கி செய்பவர், கடிகாரம் செய்பவர் ஆகியோரோடு செடிகளும் தோட்டக்காரர்களும் வேண்டும் என்றது. வேறு எந்த மன்னர் போருக்கு உதவி கேட்கப் போன இடத்தில் கூடவே மாலியையும் கேட்டிருப்பார்!

அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல சாட்சி ஓர் எதிராளி வீட்டு ஆள். திப்பு மடிந்த அடுத்த ஆண்டு, 1800 மே மாதம், கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் பெங்களூருக்கு வந்தார். மைசூர் நாட்டில் என்ன விளைகிறது, எது லாபம் என்று ஊர் ஊராகப் போய் எழுதுவது அவர் வேலை. தோட்டம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது, நடுவே நடைபாதைகள், பாதை ஓரமெல்லாம் சைப்ரஸ், சதுரங்களுக்குள் பழமரமும் காய்கறியும் என்று எழுதுகிறார். அப்புறம் ஒரு விவரம் சொல்கிறார். முஸ்லிம் பாணியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தனி இடம். ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. திராட்சை செழிப்பாக இருந்தது, ஆப்பிளும் பீச்சும் காய்த்தன. நன்னம்பிக்கை முனையிலிருந்து அண்மையில் கொண்டுவந்த பைனும் ஓக்கும் நன்றாகப் பிடித்துக்கொண்டதாகத் தெரிந்தது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு மரமா வைத்தார்? இல்லை தம்பி. வைத்தால் சதுரம் சதுரமாகத்தான் வைத்தார்கள். இன்று லால்பாக் முழுக்கச் சுற்றினாலும் அந்தச் சதுரம் ஒன்றுகூடத் தெரியாது. வளைந்து போகும் பாதைகளும் புல்வெளியும் பின்னால் வந்த ஆங்கிலேய ரசனை. திப்புவின் தோட்டத்தின் வடிவமே போய்விட்ட இடத்தில், தனி மரம் ஒன்று பிழைத்துக்கொண்டு அவர் பெயரைச் சுமக்கிறது.

அந்த மாமரம் உண்மையிலேயே அந்தக் காலத்ததா? இருக்கலாம். கொட்டை போட்டு முளைத்த நாட்டு மா இருநூறு ஆண்டு தாண்டுவது அதிசயமில்லை. ஆனால் நிரூபிப்பது கஷ்டம். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகிற நாடுகளில் மரத்துக்குள் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் பக்கத்து மாமரத்தில் அப்படி நம்பி எண்ண முடியாது. போதாக்குறைக்குக் கிழ மரத்தின் நடுப்பகுதி பொந்தாகிவிடும், எண்ண வேண்டிய தொடக்க வருடங்களே உளுத்துக் கொட்டியிருக்கும். ஏரிப் பக்கம் இருக்கிற பிரம்மாண்டமான இலவம்பஞ்சு மரத்துக்கும் இருநூறு வயது என்கிறார்கள். அதன் அடியில் ஆளுயரத்துக்குமேல் சுவர் சுவராக எழும்பியிருக்கும் வேர்களுக்கு நடுவே நின்றால், எந்த வயதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். பருமனைப் பார்த்து வயது சொல்வது ஜோசியம்தான்.

கபிலை இறைத்தவர்கள்

புக்கானன் தண்ணீரைப் பற்றியும் எழுதுகிறார். மாடு பூட்டி, தோல் பையில் கிணற்று நீர் இறைக்கும் கருவியின் பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்: கபிலை. நம் ஊரில் கமலை, கவலை, கபிலை என்று இடத்துக்கு ஒரு பெயரில் சொன்ன அதே கருவிதான். சுல்தான் விதை வரவழைக்கலாம். மே மாத வெயிலில் மாதுளைச் சதுரத்துக்கு நீர் பாய, மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்ட ஓர் ஆள் வேண்டும், மடை திருப்ப இன்னோர் ஆள் வேண்டும்.

பெங்களூரில் அந்த வேலை என்றாலே திகளர்தான். ஏரியோரக் கழனிகளில் காய்கறியும் பூவும் பயிரிட்டு நகரத்துக்குச் சோறும் மாலையும் கொடுத்த சமூகம். வன்னிகுல க்ஷத்ரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். கன்னடத்தில் திகளர் என்ற சொல்லே தமிழரைக் குறிக்கும். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு தமிழ். முதல்முறை கேட்கும்போது வினைச்சொல் தமிழாகத் தோன்றும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வாக்கியத்தில் வேறு மொழிக்குள் விழுந்துவிடுவோம்.

லால்பாக் வேலைக்காகத் தமிழ் நாட்டுப் பகுதிகளிலிருந்து ஹைதர்தான் இவர்களைக் கூட்டிவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஹைதர் 1750-களில் திண்டுக்கல்லில் ஃபவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இருந்தவர், ஆகவே தமிழ் உழவர்களின் கைத்திறனை நேரில் பார்த்திருப்பார் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு தொகுதி ஆட்கள் அப்படி வந்திருக்கலாம். ஆனால் எல்லாத் திகளரையும் ஹைதர் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நகரத்தின் பழைய பேட்டையிலேயே அவர்களுக்கென்று ஒரு திகளர்பேட்டை, அங்கே தர்மராயர் கோயில், அதைச் சுற்றி ஊரே கூடும் கரகத் திருவிழா. கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திரௌபதியைத் தலையில் தாங்கி, வீரகுமாரர்கள் உருவிய வாளோடு சூழ்ந்துவர, கரகம் புறப்படும். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுதான் போகும். ஒரு நகரத்தின் மையத்தில் இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கும் சமூகத்தை ஒரு மன்னர் வண்டியேற்றிக் கொண்டுவந்து இறக்கியதாக முடித்துவிடுவது, மரத்தைத் திப்பு வைத்தார் என்பது மாதிரியே இன்னொரு சுருக்குவழி.

தோட்டத்தின் வரலாற்றில் கண்காணிப்பாளர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. ஹைன், வா, முன்ரோ, நியூ, பிளாக், கேமரான், கிரும்பிகல். நீர் பாய்ச்சியவர், ஒட்டுக் கட்டியவர், விதை பிரித்தவர் பெயர் ஒன்றும் இந்த வரிசையில் இல்லை. விதிவிலக்காக எனக்குத் தெரிந்தது ஓர் ஓவியர்: செலுவய்ய ராஜு. 1880-களிலிருந்து பல பத்தாண்டுகள் லால்பாக்கில் செடிகளை அச்சு அசலாக வரைந்துகொண்டிருந்தார். ஓர் இலையின் நரம்புகூடத் தப்பாது. அந்தப் படங்கள் இருப்பதால் பெயர் பிழைத்தது.

1799-க்குப் பிறகு அரை நூற்றாண்டு தோட்டத்துக்கு அலைச்சல் காலம். சில காலம் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன் பொறுப்பில், பின்னர் மேஜர் வா என்ற ராணுவ அதிகாரி கையில், அவர் 1819-இல் கவர்னர் ஜெனரலுக்குக் கொடுக்க, அப்புறம் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம். அது கலைந்தது. 1856-இல்தான் அரசுத் தோட்டமாக நிலைபெற்றது. மைசூரை ஆண்ட ஆங்கிலேயக் கமிஷனர் கப்பன் காலம் அது, யோசனை சொன்னவர் மருத்துவர் கிளெக்ஹார்ன். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ 1858-இல் வந்தார். இடையில் இரண்டு ஆண்டு பொறுப்பேற்ற ஆலன் பிளாக்கும் கியூவிலிருந்து வந்தவர்தான். 1865-இல் இறந்துபோனார்.

கோபுரம் உள்ளே வந்தது எப்போது?

1874-இல் பொறுப்புக்கு வந்த ஜான் கேமரான் 1908 வரை இருந்தார். இன்றைய லால்பாக்கை உருவாக்கியவர் யார் என்று ஒரே பெயர் கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதையும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அவர் வந்தபோது தோட்டம் வெறும் 45 ஏக்கர். 1889-இல் கிழக்கே 30 ஏக்கர் சேர்ந்தது. 1891-இல் 13 ஏக்கர், 1894-இல் பாறைக்குக் கீழே இன்னும் 94 ஏக்கர். இதில் 1891-இல் சேர்ந்த அந்த 13 ஏக்கரில்தான் பாறையும் அதன்மேல் நிற்கும் கெம்பே கவுடா கோபுரமும் இருக்கின்றன. அதாவது, லால்பாக்கின் மிகப் பழைய அடையாளமாக எல்லாப் படத்திலும் வருகிற அந்தக் கோபுரம், ஹைதர் காலத்திலும் திப்பு காலத்திலும் லால்பாக்கில் இல்லை. கோபுரம் அங்கேயே இருந்தது, தோட்டம்தான் நூறாண்டு கழித்து நடந்துபோய் அதைத் தொட்டது.

கோபுரத்தின் கதை தெரிந்ததுதான். பெங்களூரை 1537-இல் நிறுவியவர் முதலாம் கெம்பே கவுடா. அவர் வழிவந்த இரண்டாம் கெம்பே கவுடா நான்கு திசையிலும் நான்கு கோபுரம் கட்டினார்: இங்கே ஒன்று, அல்சூர் ஏரிக்கரையில் ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிள் பக்கம் ஒன்று. நகரம் இந்த நான்கையும் தாண்டி வளரும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார் என்பார்கள் சிலர். தாண்டினால் நகரம் அழியும் என்று எச்சரித்தார் என்பார்கள் வேறு சிலர். ஒரே கோபுரத்திலிருந்து நேரெதிரான இரண்டு ஜோசியம். ரியல் எஸ்டேட்காரர்கள் முதலாவதைச் சொல்வதையும், நெரிசலில் மாட்டிய ஆட்டோக்காரர்கள் இரண்டாவதைச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். உயரமான பாறைமேல் சின்னதாகக் கட்டிய மண்டபம் காவல் பார்க்கவும் உதவியிருக்கும் என்ற சாதாரண விளக்கத்துக்குத்தான் ஆதரவாளர் குறைவு. நகரம் இன்று 700 சதுர கிலோமீட்டருக்குமேல் பரந்து, நான்கு கோபுரமும் ஊர் நடுவில் சிக்கிக்கொண்டன.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காலை எட்டு மணிக்கே அடிபாதம் சுடத் தொடங்கும். குனிந்து பார்த்தால் சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையும் கறுப்புமாக நெளிந்த கோடுகள், பிசைந்த மாவை இழுத்துவிட்டது போல. 300 கோடி ஆண்டு பழையது என்கிறது புவியியல் துறை. தென்னிந்தியத் தரைக்கு அடித்தளமாக இருக்கும் தீபகற்ப நைஸ் வகைப் பாறை. 1916-இல் மைசூர் புவியியல் துறையின் ஸ்மீத் கொடுத்த பெயர் அது. 1975-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கேமரானுக்குக் கதை இல்லை என்றேனே, ஆனால் அவர் நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். மத்திய அமெரிக்காவில் பிறந்த ஒரு கொடிக்காயை லால்பாக்கில் வளர்த்துப் பரப்பியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். கன்னடத்தில் சீமே பதனேகாயி. தமிழில் சௌசௌ, இன்னொரு பெயர் பெங்களூர்க் கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது, அது வெள்ளரி, பூசணி வகை. ஆனாலும் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டது தமிழ். திப்புவின் குங்குமப்பூ என்ன ஆனதோ, இந்தக் காய் கூட்டாகவும் துவையலாகவும் நிலைத்துவிட்டது.

கண்ணாடி மாளிகையும் ஒரு கொலைகாரப் பட்டமும்

1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துச் செய்த சிறு வடிவம். வார்ப்பிரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவின் சாரசன் வார்ப்பாலையிலிருந்து கப்பலில் வந்தன. குளிர்நாட்டுக் கண்ணாடி வீடுபோலச் செடிகளைச் சூடாக வைத்துக்கொள்ளக் கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெங்களூரில் அதற்கு என்ன தேவை? பூக் கண்காட்சி நடத்தத்தான் கட்டினார்கள். இன்றும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டம் நெருக்கியடிக்கும்.

அடிக்கல் நாட்டிய இளவரசர் 1892-இல், இருபத்தெட்டு வயதில், இன்ஃப்ளூயன்சாவில் இறந்தார். 1888-இல் லண்டனைக் கதிகலங்க வைத்த ஜாக் தி ரிப்பர் இவர்தான் என்று எண்பது ஆண்டு கழித்து ஒரு வதந்தி கிளம்பியது. கொலை நடந்த நாட்களில் அவர் லண்டனிலேயே இல்லை என்று அரசவைக் குறிப்புகள் காட்டிவிட்டன. வழிகாட்டிகள் விடுவார்களா? மாளிகை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது கூட்டம் இன்னும் நெருங்கி வருகிறது.

1908-இல் கேமரானுக்குப் பின் வந்த கிரும்பிகல் ஜெர்மானியர். கியூவில் வேலை பார்த்து, பரோடா மகாராஜாவிடம் இருந்து, மைசூர் அரசுக்கு வந்தவர். சாலை மரங்களை ஒன்று ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி தேர்ந்து, நகரத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது பூ இருக்கச் செய்தார் என்பது அவர் புகழ். அதில் உண்மை உண்டு. ஆனால் இன்று பிப்ரவரி வந்தால் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற இளஞ்சிவப்பு டபேபுயா வரிசைகளையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1980-களில் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நேகின்ஹால் தலைமையில் நட்டவை. பழைய பெயர் காந்தம் மாதிரி, பக்கத்தில் கிடக்கும் இரும்புத் துணுக்கையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

நாகலிங்க மரமும் அப்படித்தான். லால்பாக்கில் அதன் அடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கி, உள்ளே லிங்கமும் மேலே படமெடுத்த நாகமும் தெரிகிறதென்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அம்மாக்களைப் பார்க்கலாம். அந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்ற காரணத்தால் கிரும்பிகலைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். விடுதலையாகி, 1956-இல் பெங்களூரிலேயே காலமானார். அதற்கெல்லாம் முன்பே, 1932-இல், அவரிடமிருந்து பொறுப்பேற்ற ஜவராயா அந்தப் பதவியைப் பிடித்த முதல் இந்தியர். விடுதலைக்குப் பின் மரிகவுடா காலம். தோட்டம் இன்று 240 ஏக்கர்.

கிரும்பிகல் பெயரில் தோட்டத்துக்குள் ஒரு பழைய கூடம் இருந்தது. முகப்பில் கிரேக்கக் கோயில் சாயல், உள்ளே கூரை உளுத்து, பல ஆண்டு பூட்டியே கிடந்தது. 2017-இல் அது இல்லாமல் போனது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டினார்கள். அதே ஆண்டு லால்பாக் மெட்ரோ நிலையமும் திறந்தது. அதற்கு முன்பு, 2009-இல், மெட்ரோவுக்காக ஓரத்து மரங்களை வெட்டக்கூடாது என்று மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். 2025-இல் சுரங்கச் சாலைத் திட்டத்துக்கு லால்பாக் நிலத்தில் கொஞ்சம் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி கூட்டம் கூடியது.

மாமரத்துக்குத் திரும்பிப் போனேன், சாயந்திரம். பொந்துக்குக் கீழே, நிலத்தை ஒட்டி, ஒரு பெண் தொழிலாளி கொத்தால் மண்ணைக் கிளறி வட்டப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் குழாயை இழுத்து வந்து போட்டுவிட்டு, தண்ணீர் வரட்டும் என்று உட்கார்ந்தார். இது திப்பு வைத்த மரம்தானா என்று கேட்டேன். அவர் பேசியதில் பாதி கன்னடம், பாதி எனக்குப் புரிந்த தமிழ். யார் வைத்ததோ தெரியாது, என் மாமியார் இதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்றார். குழாய் இருமிக்கொண்டு தண்ணீரைத் துப்பியது. எழுந்துபோய் அதன் வாயைப் பாத்திக்குள் திருப்பி வைத்தார்.